மறுமொழி: ‘டிஸ்பெர்சல்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். இரண்டாம் உலகப்போர் விமானத் தளங்களைப் பற்றிய நம் கட்டுரையில் வருகிற ‘டிஸ்பெர்சல்’ (dispersal: விமானங்களை ஒன்றுக்கொன்று எட்டப் பிரித்து நிறுத்துவது, அப்படி நிறுத்தும் இடம்) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சுக்கு இது என் மறுமொழி.

> விமானம் நிற்கிற இடம்தானே? ‘விமான நிறுத்துமிடம்’ என்றால் போதாதா?

போதாது என்று நினைக்கிறேன். மீனம்பாக்கத்தில் முனையக் கட்டடத்தை ஒட்டி விமானங்கள் வரிசைகட்டி நிற்கிற இடமும் விமான நிறுத்துமிடம்தான். போர்க்கால டிஸ்பெர்சலோ, விமானங்கள் வரிசைகட்டி நிற்கவே கூடாது என்பதற்காகக் கட்டியது.

1941 டிசம்பர் 7 அன்று ஹவாயின் வீலர், ஹிக்கம் என்ற அமெரிக்க விமானத் தளங்களில் நாசவேலைக்குப் பயந்து விமானங்களை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள், காவல் போட வசதி என்று. குண்டுபோட வந்த ஜப்பானியர்களுக்கு அது அதைவிட வசதியாகப் போயிற்று. ஒன்றுக்கொன்று எட்ட நிறுத்தினால் ஒரு குண்டுக்கு ஒரு விமானம்தான் போகும். டிஸ்பெர்சலின் மொத்தக் கணக்கும் அவ்வளவுதான்.

கட்டுரையில் வருகிற தார்ப் அபட்ஸ் தளத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி. 1943 ஜூனில் அமெரிக்காவின் 100ஆவது குண்டுவீச்சுப் பிரிவு பி-17 என்ற கனரகக் குண்டுவீச்சு விமானங்களோடு அங்கே வந்து இறங்கியது. அந்தக் காலத்துக் கனரகக் குண்டுவீச்சுத் தளங்களுக்கெல்லாம் ஒரே அச்சு: சுமார் 1,830 மீட்டரில் ஒரு பெரிய ஓடுபாதை, அதன் குறுக்கே சுமார் 1,280 மீட்டரில் இரண்டு, மூன்றையும் சுற்றி ஒரு கான்கிரீட் பாதை. அந்தப் பாதையிலிருந்து சின்னச் சின்னக் கிளைகள் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு வட்டத் தரையில் முடியும். வரைபடத்தில் கைப்பிடி வைத்த வாணலி மாதிரியே இருப்பதால் பிரிட்டிஷ்காரர்கள் வாணலி என்றே அழைத்தார்கள். ஒரு தளத்துக்கு முதலில் 36 வட்டங்கள் என்று இருந்த கணக்கு, அமெரிக்கர்கள் வந்தபின் 50 ஆனது.

பி-17இன் இறக்கை நுனிக்கு நுனி 31 மீட்டருக்கும் மேல். விமானக் கொட்டகைகளோ தளத்துக்கு இரண்டுதான். பெரிய பழுது என்றால்தான் உள்ளே இடம். மற்றபடி இயந்திரம் கழற்றுவது, எரிபொருள் நிரப்புவது, குண்டு ஏற்றுவது எல்லாமே அந்த வட்டத்தில், பனியோ மழையோ வெட்டவெளியில்தான். தரைப்பணியாளர்கள் பக்கத்திலேயே கூடாரம் அடித்தார்கள். பொதி வந்த மரப்பெட்டிகளைப் பிரித்துக் குடிசை போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே வெறும் ‘நிறுத்தம்’ என்று எழுதினால் பாதிக் கதை போய்விடும்.

இனி, வந்த பரிந்துரைகள்.

‘விமானச் சிதறல்’: தயவுசெய்து வேண்டாம். அருங்காட்சியகப் பலகையில் இதைப் படிக்கிறவர் விபத்து நடந்த இடம் என்றே நினைப்பார். ‘கலைதளம்’ என்பதில் கலைந்து நிற்றல் என்ற பொருள் அழகாக வருகிறது, ஆனால் பரதநாட்டியம் நடக்கும் என்று கூட்டம் வந்துவிடும். ‘பரவல்’ நோய்க்கும் அதிகாரத்துக்கும் போய்விட்டது.

என் பரிந்துரை ‘தனித்தரிப்பு’. இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘தனித்தரிப்பிடம்’. இலங்கையில் பஸ் தரிப்பிடம், வாகனத் தரிப்பிடம் எல்லாம் அன்றாடப் புழக்கம். தமிழ்நாட்டில் தரிப்பு என்றதும் கருத்தரிப்பு மையம் ஞாபகத்துக்கு வரும், தெரியும். இருந்தாலும் சீனக்குடா, பலாலி போன்ற இலங்கையின் போர்க்கால ஓடுதளங்களைப் பற்றி நாளை எழுதப்போகிறவர்களுக்கும் இதே சொல் வேண்டும் இல்லையா? 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் குண்டுவீச்சைச் சந்தித்த தளம் சீனக்குடா. அங்குள்ளவர்கள் பேசுகிற சொல்லையே எடுத்துக்கொள்வது நமக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

> செயலுக்கும் இடத்துக்கும் ஒரே சொல்லா?

நல்ல கேள்வி. செயலைக் கலைச்சொல்லாக்க வேண்டிய அவசியமே எனக்குத் தெரியவில்லை. ‘விமானங்களைப் பிரித்து நிறுத்தினார்கள்’ என்று வினையாக எழுதினால் எல்லோருக்கும் புரியும். சிக்கல் மூன்றாவது பொருளில்தான். சண்டை விமானத் தளங்களில் விமானிகள் அழைப்பு மணிக்குக் காத்திருந்த குடிலையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்தே டிஸ்பெர்சல் என்பார்கள். அதைத் தனித்தரிப்பு என்றால் பொருந்தாது. ‘காத்திருப்புக் குடில்’ என்று தனியாக வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே கட்டி இழுக்க வேண்டாம்.

ஒரு சோதனை. தார்ப் அபட்ஸில் பாழடைந்து கிடந்த கட்டுப்பாட்டுக் கோபுரத்தை 1977 முதல் உள்ளூர்த் தன்னார்வலர்கள் சீர்செய்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். சுற்றிலும் வயல். போர் முடிந்தபின் இப்படிப்பட்ட தளங்களில் கான்கிரீட்டைப் பெயர்த்துச் சாலை போடக் கொண்டுபோனார்கள். ஆட்டில்பிரிட்ஜ் தளத்தின் ஓடுபாதைகள்மேல் வான்கோழிக் கொட்டகைகளே வந்துவிட்டன. வாணலி வட்டங்கள் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக மிச்சம். அப்படி ஒரு வட்டத்தின் படத்துக்குக் கீழே ‘பி-17 விமானத்தின் தனித்தரிப்பிடம்’ என்று போட்டுப் பார்த்தேன். அடிக்குறிப்பு தேவைப்படவில்லை.

அப்புறம், அந்தச் சுற்றிவரும் கான்கிரீட் பாதை. கட்டுரையில் ‘சுற்றுப்பாதை’ என்று இருக்கிறது. அது ஏற்கெனவே கோள்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் கொடுத்த சொல். ‘விளிம்புப்பாதை’ என்று மாற்றலாமா? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தனித்தரிப்பு, விளிம்புப்பாதை இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.