ஆண்டு 2 பிள்ளைக்கு இவ்வளவு வீட்டுப்பாடம் தேவையா?

பிறை_அம்மா:
மகள் இங்கே மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 2. நேற்று வகுப்பு வாட்சாப் குழுவில் வந்தது: மலாய்ப் பயிற்சி 3 பக்கம், கணிதம் 2 பக்கம், சொல்வதெழுதலுக்கு 10 சொல், ஆங்கிலத்தில் ஒரு பத்தியைப் பார்த்து எழுத வேண்டும். வேன் வீட்டுக்கு வர மணி 2 ஆகிறது, சாப்பிட்டுக் குளித்து டியூஷன் போய் வந்தால் ராத்திரி 8, அதற்கப்புறம் உட்கார்ந்தால் பத்தரை வரை நானும் அவளும் மாற்றி மாற்றி அழுகிறோம். கடைசி 2 பக்கம் நான்தான் இடது கையால் எழுதினேன், அவள் கையெழுத்து மாதிரி இருக்கட்டும் என்று. வெட்கமாகத்தான் இருக்கிறது. 2019இலேயே ஆண்டு 1 முதல் 3 வரை தேர்வை எடுத்துவிட்டார்கள், 2021இல் ஆண்டு 6 பிள்ளைகள் எழுதும் யு.பி.எஸ்.ஆர் தேர்வும் போயிற்று. பிறகு யாருக்காக இந்தப் பக்கங்கள்? ஒரு கதைப் புத்தகம் வாசிக்கச் சொன்னால் போதாதா?

செந்தூல்வாசி:
தப்பாக நினைக்காதீர்கள் அக்கா, டியூஷனை நிறுத்துங்கள், வீட்டுப்பாடம் 6 மணிக்கே முடிந்துவிடும். தேர்வு போனதால்தான் வீட்டுப்பாடம் இன்னும் அவசியம் என்பேன். முன்பு தாள் திருத்தி வரும், பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்று தெரியும். இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் 6க்கு 3 என்று ஒரு எண் வருகிறது, அது நல்லதா கெட்டதா என்று எனக்கும் மனைவிக்கும் ஒரு வாரம் சண்டை. என் மகனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை என்பதையே வீட்டுப்பாட நோட்டில்தான் கண்டுபிடித்தேன்.

ஆயர்ஈத்தாம்_டீச்சர்:
உண்மையைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. பாதிப் பக்கங்கள் பெற்றோருக்காகவே போகின்றன. இரண்டு நாள் நோட்டு வெறுமையாக இருந்தால் "வகுப்பில் என்னதான் நடக்கிறது டீச்சர்" என்று போன் வரும். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் உடனிருந்தவர்களும் 1987 முதல் 2003 வரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2006இல் எழுதினார்கள். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மேல்வகுப்புகளில் பலமாகத் தெரிகிறது, சின்ன வகுப்புகளில் அவ்வளவு இல்லை. கூப்பர் சொல்லும் அளவு வகுப்புக்கு 10 நிமிடம், அதாவது உங்கள் மகளுக்கு 20.

செந்தூல்வாசி:
டீச்சர், பாடம் ஏறாத பிள்ளைதான் வீட்டுப்பாடத்தோடு ரொம்ப நேரம் மல்லுக்கட்டும். அந்தப் பிள்ளையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பலன் குறைவாகத்தானே தெரியும்? அதோடு அது அமெரிக்கா. நம் பிள்ளை 7 வயதில் மூன்று மொழி படிக்கிறது. ஆங்கிலத்தில் பூனைக்கு வரும் அதே மூன்று எழுத்து (cat) மலாயில் சாயம், வாசிக்கும்போது ஆங்கிலத்தில் 'கேட்', மலாயில் 'சாட்'. என் மகன் பெயிண்டு டின்னைப் பார்த்து உள்ளே பூனை இருக்கிறது என்றான். இது பயிற்சி இல்லாமல் வருமா?

ஆயர்ஈத்தாம்_டீச்சர்:
ஹஹா, நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அந்த மூன்று எழுத்தைப் பத்துத் தடவை பார்த்து எழுதினாலும் அது பூனையா சாயமா என்று கை சொல்லாது. வாய்விட்டு வாசித்தால்தான் பிடிபடும். மூன்று மொழி என்பதால்தான் வாசிக்கச் சொல்கிறேன்.

லோரி_அப்பா:
எல்லாரும் வாசி வாசி என்கிறீர்கள். நான் படித்தது மலாய்ப்பள்ளி. தமிழ் பேசுவேன், படிக்க வராது, கடைப் பெயர்ப்பலகை கூட வராது. நமக்குக் கிடைக்காதது பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்றுதான் தமிழ்ப்பள்ளியில் போட்டேன். பட்டர்வொர்த்தில் லோரியை விட்டு வீடு வர 9 மணி, கதைப் புத்தகத்தை எடுத்து நான் என்ன வாசித்துக் காட்டுவது? பயிற்சி என்றால் செய்தாளா இல்லையா என்று எனக்குப் பார்க்கத் தெரியும், கையெழுத்துப் போடலாம். வீட்டுப்பாடத்தை எடுத்துவிட்டால் எழுதப் படிக்கத் தெரிந்த அம்மா அப்பா உள்ள பிள்ளைகள்தான் முன்னே போகும்.

பிறை_அம்மா:
அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிக்கவும்.

ஆயர்ஈத்தாம்_டீச்சர்:
தம்பி, நீங்கள் வாசிக்க வேண்டாம், அவளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் காதுக்குத் தெரியும் இல்லையா, தப்பாகப் படித்தால் உங்களுக்கே இடறும். 10 நிமிடம் போதும். நடுவில் நிறுத்தி "ஏன் அப்படிச் செய்தான்" என்று ஒரு கேள்வி கேளுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் பாட்டிக்கு வாசித்தே தேறினான், பாட்டிக்கு எழுத்தே தெரியாது.

செந்தூல்வாசி:
சரி, ஆனால் அதையும் பள்ளிக்கூடம் கட்டாயமாக்கிவிடாமல் இருக்க வேண்டும். நீலாம் வாசிப்புத் திட்டத்துக்கு என் மூத்தவள் என்ன செய்கிறாள் தெரியுமா? புத்தகத்தைத் திறப்பதே இல்லை, பின்னட்டையில் இருப்பதை அப்படியே குறிப்பேட்டில் இறக்கிவிடுகிறாள். வாய்ப்பாடு விஷயத்தில் நான் மாறமாட்டேன், அதைக் கதை வாசித்து ஏற்ற முடியாது.

பிறை_அம்மா:
வாய்ப்பாட்டை வேனிலேயே சொல்லிக்கொண்டு வரட்டும் அண்ணே, அதற்கு எதற்கு 2 பக்கம்? வகுப்பு டீச்சரிடம் பேசப்போகிறேன், எழுத்து வேலை ஒரு நாளைக்கு ஒரு பாடம் மட்டும் என்று கேட்டுப் பார்க்கிறேன். இடது கை சமாச்சாரத்தை மட்டும் சொல்லமாட்டேன்.

லோரி_அப்பா:
நேற்று ராத்திரி உட்கார வைத்தேன் டீச்சர். நாலாவது பக்கத்தில் தூங்கிவிட்டேன், அவள் சத்தம் போடாமல் 2 பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டாள். காலையில் "கிணற்றில் விழுந்த ஆடு என்ன ஆயிற்று" என்று கேட்டதும் திருதிருவென்று விழித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் போகிறேன், பெரிய எழுத்தில் கதைப் புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும்?