கலைச்சொல் தேடல்: 'ஏன்ஷியன்ட் அஸ்ட்ரோநாட் தியரி'க்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவந்தேன். 'பண்டைய விண்வெளி வீரர் கோட்பாடு' என்று முடித்து, சொல்லடைவில் ஏற்றிவிடலாம் என்பதுதான் இப்போதைக்குப் பெரும்பான்மைக் கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். மடல் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்த்துவிடுவோம். 1968இல் எரிக் ஃபான் டேனிக்கன் என்ற சுவிட்சர்லாந்து விடுதி மேலாளர் எழுதிய நூல்தான், பண்டைக் காலத்தில் வேற்றுக்கோள் உயிர்கள் பூமிக்கு வந்துபோனார்கள் என்ற இந்தப் பேச்சை உலகெங்கும் கொண்டுபோனது. பிரமிடு, பெரு நாட்டுப் பாலைநிலத்தில் வரைந்த நாஸ்கா கோடுகள் என்று பலவற்றுக்கும் வேற்றுக்கிரகத்தாரைக் காரணம் காட்டியவர் அவர். இன்றைய ஈராக் பகுதியான மெசபொத்தேமியாவை நடுவில் கொண்டுவந்து வைத்தவர் செக்கரியா சிட்சின். பாகுவில் பிறந்து, லண்டனில் பொருளியல் படித்து, நியூயார்க்கில் வாழ்ந்தவர். 1976இல் வந்த 'பன்னிரண்டாம் கோள்' நூலில் அவர் சொன்னது இதுதான்: சூரியனை 3600 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும் நிபிரு என்ற கோளிலிருந்து, மெசபொத்தேமியக் கதைகளில் கடவுளராக வரும் அனுன்னாகிகள் ஏறத்தாழ 4,50,000 ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு வந்தார்கள். ஆப்பிரிக்காவில் தங்கம் தோண்டினார்கள். சுரங்கத்தில் உழைத்தவர்கள் கலகம் செய்யவே, ஹோமோ எரக்டஸ் என்ற ஆதி மனித இனத்தோடு தங்கள் மரபணுவைக் கலந்து, வேலைக்கென்றே மனிதனை உருவாக்கினார்கள். இதெல்லாம் தன் கற்பனை இல்லை, சுமேரியக் களிமண் பலகைகளில் எழுதியிருப்பதுதான் என்றார். அவருடைய வாதம் முழுக்க அந்த ஒரு காலில்தான் நிற்கிறது.

சரி, பலகையில் என்னதான் இருக்கிறது?

அவர் அதிகம் சாய்ந்துகொள்வது அத்ரஹசிஸ் என்ற காவியத்தின் மேல். அது பாபிலோனியரின் அக்காடிய மொழியில் உள்ளது. கி.மு. 17ஆம் நூற்றாண்டில், பாபிலோனை அம்மிசதுகா ஆண்டபோது படியெடுத்த 3 பலகைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. சிதைந்த இடங்கள் உண்டு, ஆனாலும் கதை தெளிவு. மனிதர் தோன்றுவதற்கு முன் கடவுளரே மண் சுமந்தார்கள். பெரிய கடவுளரான அனுன்னாகி எழுவர் இகிகி என்ற சிறு கடவுளர்மேல் வேலையைச் சுமத்தினார்கள். இகிகிகள் டைகிரிசையும் யூப்ரடீசையும் வெட்டினார்கள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் மண்வெட்டியையும் கூடையையும் தீயில் போட்டுவிட்டு, நள்ளிரவில் கடவுளர் தலைவன் என்லிலின் வீட்டைச் சுற்றி வளைத்தார்கள். என்லில் அழுதான். அப்புறம்தான் மனிதனைப் படைக்கலாம் என்ற யோசனை வருகிறது. அறிவுள்ள ஒரு கடவுளைக் கொன்று, அவன் தசையையும் குருதியையும் களிமண்ணில் பிசைகிறாள் நின்து என்ற தாய்த் தெய்வம். இகிகிகள் அந்த மண்ணில் எச்சில் உமிழ்கிறார்கள். 14 துண்டாகக் கிள்ளி வைக்கிறார்கள், ஆண் ஏழு, பெண் ஏழு.

இதில் தங்கம் எங்கே? ஆப்பிரிக்கா எங்கே? இகிகிகள் வெட்டியது ஆறும் வாய்க்காலும். தென் ஈராக்கின் நிலத்தை நினைத்துப் பாருங்கள். மழையை நம்பிப் பயிர் செய்ய முடியாத இடம். ஆற்று நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பினால்தான் வாற்கோதுமை விளையும். வண்டல் படிந்துகொண்டே இருக்கும், தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும், அரசும் கோயிலும் அதற்கு ஆள் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த வேலையில் முதுகு ஒடிந்த மக்கள், 'இந்தப் பாடு யாருக்காக?' என்று கேட்டுக்கொண்ட கேள்விக்கு அந்தக் காவியம் பதில் சொல்கிறது. கடவுளரே தாங்காமல் கலகம் செய்த உழைப்பு இது என்று சொல்லத் துணிந்த கவி அவன். அந்தத் துணிச்சலைச் சுரங்க ஒப்பந்தமாகவும் மரபணு ஆய்வுக்கூடமாகவும் சுருக்குவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நம் சொல்லடைவில் வரப்போகும் பெயர் அந்தச் சுருக்கலுக்குத் துணைபோகக் கூடாது.

இன்னொன்றையும் கிட்டப் போய்ப் பார்ப்போம். சுமேரியத்தில் 'மு' என்று ஒரு சொல். சிட்சின் அதை நேராக மேலெழும் ஊர்தி, அதாவது ராக்கெட் என்று படிக்கிறார். எபிரேயத்தின் 'ஷெம்' என்பதையும் அதே வழியில் இழுத்து, பைபிளின் பாபேல் கோபுரக் கதையில் மக்கள் கட்ட நினைத்தது வானூர்தி என்கிறார். இதைச் சோதிக்க நமக்கு நவீன அறிஞர் எவரும் தேவையில்லை. சுமேரியம் பேச்சில் வழக்கொழிந்த பிறகும் பாபிலோனியர் அதைப் பள்ளியில் வைத்துப் படித்தார்கள். அதற்காகச் சுமேரியச் சொல் ஒரு பக்கமும் அக்காடியப் பொருள் மறுபக்கமுமாகச் சொற்பட்டியல்கள் எழுதி வைத்தார்கள். நாம் இங்கே செய்துகொண்டிருக்கிற வேலையை மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே செய்தவர்கள்! 'மு'வுக்கு அவர்கள் தரும் அக்காடியச் சொல் 'ஷுமு'. பொருள்: பெயர். பாபேல் கதையிலும் அதேதான், 'நமக்குப் பெயர் உண்டாகட்டும்' என்று கட்டுகிறார்கள். அனுன்னாகியும் இப்படித்தான். 'வானிலிருந்து பூமிக்கு வந்தவர்கள்' என்று சிட்சின் பெயர்த்தார். 'அ' என்றால் வித்து, 'நுன்' என்றால் பெருமகன். பெருமகனின் வழித்தோன்றல்கள் என்பதே சுமேரியவியலார் கொள்ளும் பொருள். இனான்னா என்ற தேவி பாதாளத்துக்கு இறங்கும் சுமேரியப் பாட்டில் அனுன்னா (அனுன்னாகிகளின் சுமேரியப் பெயர்) எழுவர் கீழுலகில் நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். வானத்திலிருந்து வந்தவர்கள் என்பதே பெயரின் பொருளாக இருந்தால் அங்கே அவர்களுக்கு என்ன வேலை?

பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கும் விஏ 243 என்ற எண்ணுள்ள உருளை முத்திரையை (களிமண்ணில் உருட்டிப் பதிக்கும் முத்திரை) பற்றி இழையில் ஒருவர் கேட்டிருந்தார். நடுவில் ஒரு விண்மீன், சுற்றி 11 புள்ளிகள். அது சூரியக் குடும்பத்தின் படம், அதில் நிபிருவும் அடக்கம் என்பது சிட்சின் கட்சி. முத்திரையிலுள்ள எழுத்தில் வானியல் எதுவும் இல்லை. இரண்டு ஆள்பெயரும் 'உன் பணியாள்' என்ற சொல்லும் மட்டுமே. மெசபொத்தேமியக் கலையில் சூரியனை வரையும் முறையும் வேறு.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

'கோட்பாடு' வேண்டவே வேண்டாம். பரிணாமக் கோட்பாடு, சார்பியல் கோட்பாடு என்று பாடநூலில் படித்து வளர்கிற பிள்ளைக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதே சொல்லை இங்கேயும் ஒட்டினால் இரண்டும் ஒரே தட்டில் உட்கார்ந்துவிடும். 'விண்வெளி வீரர்' என்பதும் பொருந்தாது. நாம் பயிற்சி தந்து அனுப்பும் ஆளுக்கு அந்தப் பெயர் போதும்.

பேராசிரியர் ஐயா 'வானவர் வருகை' என்று முன்வைத்தார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வானவர், வானோர், விண்ணவர் எல்லாம் நமக்குத் தேவர்கள். 'நல்விருந்து வானத் தவர்க்கு' என்று வள்ளுவர் சொன்னபோது அங்கே கோளும் இல்லை, கலமும் இல்லை. அந்தச் சொல்லை இதற்குக் கொடுத்தால், பழைய நூல்களில் கடவுள் என்று வருபவர் வேற்றுக்கோள் ஆள்தான் என்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர்கள் நிறுவ வேண்டியதே அதைத்தானே ஐயா! நாமே முன்கூட்டி எடுத்துக் கொடுக்கலாமா?

'விண்வந்தேறி' என்றார் தம்பி ஒருவர். வந்தேறி என்பது இன்று மேடைகளில் வசைச்சொல். 'விண்புளுகு' என்பதும் எனக்குச் சரிப்படவில்லை. நம்புகிறவரும் திறந்து படிக்கக்கூடிய சொல்லடைவாக இருக்க வேண்டும். பொய் என்பதை விளக்கத்தில் காரணத்தோடு எழுதுவோம், தலைச்சொல்லில் திட்ட வேண்டாம்.

என் முன்மொழிவு: விண்வருகைவாதம்.

படைப்புவாதம் என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ஒரு நிலைப்பாட்டைப் பற்றிக்கொண்டு வாதிடும் போக்கு என்பதை 'வாதம்' தெளிவாகக் காட்டுகிறது, உண்மை பொய் என்று முந்திக்கொள்ளவில்லை. கிளைச்சொற்களும் தடையில்லாமல் வரும்: விண்வருகைவாதி, விண்வருகைவாத நூல், விண்வருகைவாத விளக்கம். 'பண்டைய விண்வெளி வீரர் கோட்பாட்டாளர்' என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

இதையெல்லாம் உள்ளடக்கும் பெரிய வகைக்குப் 'போலித் தொல்லியல்' போதும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது என்று நினைக்கிறேன். சுமேரியமும் தமிழும் உறவா என்று இடையில் கிளம்பிய பேச்சைத் தனி இழைக்கு மாற்றிக்கொள்ளலாமே. சுமேரியத்துக்கு எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படவில்லை என்பதே அறிஞர் நிலை. இந்தச் சொல்லை முடிவு செய்ய அது தேவையும் இல்லை.

அன்புடன்.

மறுமொழிகளுக்கு என் பதில்

> வாதம் என்றால் எங்கள் பக்கம் நோய். பக்கவாதம், முடக்குவாதம் போல இதுவும் ஒலிக்காதா?

அக்கா, அந்த ஐயம் பொருள்முதல்வாதம், பெண்ணியவாதம், தீவிரவாதம் எல்லாவற்றுக்கும் உண்டு. முன்னே நிற்கும் சொல்லே பொருளைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. உடலோடு ஒட்டி வந்தால் நோய், கருத்தோடு ஒட்டி வந்தால் நிலைப்பாடு. 'விண்வருகை' என்ற அடையைப் பார்த்து மருத்துவமனை நினைவு யாருக்கும் வராது.

> வேற்றுக்கோளில் அறிவுயிர் இருக்கலாம் என்று வானியலாளர் கார்ல் சேகனே சொன்னார். பழங்கதைகளையும் ஆராயச் சொன்னார். அவரையும் விண்வருகைவாதி என்பீர்களா?

இது நல்ல கேள்வி ஐயா. நான் எழுதாமல் விட்ட ஒன்றை இது வெளியே கொண்டுவந்துவிட்டது. சேகனும் சோவியத் வானியலாளர் ஷ்க்லோவ்ஸ்கியும் 1966இல் சேர்ந்து வெளியிட்ட நூலில் ஓவான்னஸ் கதை வருகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பெரோசஸ் என்ற பாபிலோனியப் பூசாரி கிரேக்கத்தில் எழுதி வைத்த கதை. மீன் உடலோடு கடலிலிருந்து எழுந்துவரும் ஓவான்னஸ் பகலெல்லாம் மக்களுக்கு எழுத்தும் கணக்கும் கட்டடக் கலையும் கற்றுக்கொடுத்துவிட்டு, இரவில் கடலுக்கே திரும்பிவிடுகிறான். இத்தகைய கதைகளைக் கவனமாக ஆராயலாம் என்றார் சேகன். அதே மூச்சில், வெறும் கதை சான்றாகாது என்பதிலும் உறுதியாக இருந்தார். டேனிக்கனை மறுத்து ரொனால்ட் ஸ்டோரி எழுதிய நூலுக்கு 1976இல் முன்னுரை கொடுத்தவரும் அவரே.

அவர் செய்தது கேள்வி கேட்பது. எந்தச் சான்று கிடைத்தால் ஏற்கலாம், எது கிடைத்தால் கைவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தேடுவது. சிட்சின் செய்தது முடிவை வைத்துக்கொண்டு பலகையை வளைப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுத்தால் சேகனுக்கு அநியாயம், சிட்சினுக்கு இலவச மரியாதை. ஆகவே இரண்டு தலைச்சொற்களாகப் பிரிக்கலாம் என்று முன்மொழிவைத் திருத்துகிறேன். முன்பு எப்போதாவது வேற்றுக்கோள் உயிர்கள் பூமிக்கு வந்திருக்கலாமா என்ற திறந்த கேள்விக்கு, அதாவது 'பேலியோகான்டாக்ட்' என்பதற்கு, தொல்வருகைக் கருதுகோள். வந்தார்கள், மனிதனையும் நாகரிகத்தையும் ஆக்கினார்கள், பழைய நூல்கள் அதன் பதிவுகள் என்று அடித்துச் சொல்லும் போக்குக்கு விண்வருகைவாதம். கருதுகோள் என்றால் சோதனைக்கு உட்பட்டது என்று மாணவருக்குத் தெரியும், அதனால் அந்தச் சொல் முதலாவதற்கே உரியது. உயிரின் வித்தே விண்ணிலிருந்து வந்தது என்னும் பான்ஸ்பெர்மியா இவை இரண்டிலும் சேராது, அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

சொல்லடைவுக்கான வரைவு கீழே. வெட்டவோ சேர்க்கவோ வேண்டுமானால் சொல்லுங்கள்:

விண்வருகைவாதம்: வேற்றுக்கோள் உயிர்கள் பண்டைக் காலத்தில் பூமிக்கு வந்து மனித இனத்தையோ அதன் நாகரிகத்தையோ உருவாக்கினார்கள் என்றும், புராணங்களும் பழஞ்சின்னங்களும் அவ்வருகையின் பதிவுகள் என்றும் வாதிடும் போக்கு. டேனிக்கன், சிட்சின் ஆகியோர் நூல்களால் பரவியது. ஆப்பெழுத்து (களிமண் பலகைகளில் எழுதிய மெசபொத்தேமிய எழுத்து) அறிஞர்களும் தொல்லியலாளரும் இதை ஏற்பதில்லை. சான்றாகக் காட்டப்படும் மொழிபெயர்ப்புகள் சுமேரிய, அக்காடியச் சொற்பட்டியல்களோடு பொருந்துவதில்லை.

எழுத்துப்பெயர்ப்பில் ஒரு ஐயம் மீதி இருக்கிறது. அனுன்னாகி, அனுனாக்கி, அன்னுநாகி என்று மூன்று விதமாகவும் இந்த இழையிலேயே எழுதியிருக்கிறோம். மூலத்தில் னகரம் இரட்டித்தும் ககரம் ஒற்றையாகவும் வருவதால் 'அனுன்னாகி' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். நடுவில் வரும் ககரத்தை நாம் மெலிதாக ஒலித்துவிடுவோம், அதற்காக 'க்கி' போட வேண்டும் என்று யாராவது கருதினால் இப்போதே எழுதிவிடுங்கள்.