ஆல்பத்துக்குத் தமிழ்: தொகுப்பா, தொடர்நிலையா?

நள்ளிரவுத்தட்டு எழுதியது:

நண்பர்களே, அவசரம். ஜாஸ், சோல் இசையில் இந்த வாரம் வரும் புதிய ஆல்பங்களைப் பற்றிய பத்தி ஒன்றைத் தமிழில் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். 2015 ஜூலை 10 முதல் உலக அளவில் வெள்ளிக்கிழமையை வெளியீட்டு நாளாக்கிவிட்டார்கள். ஆகவே வியாழன் இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். இன்று செவ்வாய்.

ஆல்பத்துக்குப் ‘பாடல் தொகுப்பு’ என்று போட்டுக்கொண்டே வந்தேன். பதினோராவது வரியில் மாட்டிக்கொண்டேன். புதிதாகப் பதிவான ஆல்பம் ஒன்று, பழைய ஆல்பங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது ஒன்று, இரண்டும் ஒரே வரியில் வருகின்றன. என் தமிழில் அது “இது தொகுப்பு அல்ல, தொகுப்புகளின் தொகுப்பு” என்று நிற்கிறது. எனக்கே புரியவில்லை. காப்பாற்றுங்கள்.

உருப்படி எழுதியது:

முதலில் அந்தப் ‘பாடலை’த் தூக்குங்கள். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959 ஆகஸ்டில் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் மொத்தம் ஐந்து உருப்படிகள், ஒன்றிலும் ஒரு சொல்கூடப் பாடப்படவில்லை. முதல் உருப்படியில் டபுள் பாஸ் ஒரு கேள்வி கேட்கும். பியானோ இரண்டே தட்டில் பதில் சொல்லும். அப்புறம் ஊதுகருவிகளும் சேர்ந்து அதே பதிலைச் சொல்லும். இப்படியே ஒன்பது நிமிடத்துக்கு மேல் போகிறது. இதைப் பாடல் தொகுப்பு என்றால், பாடியது யார்?

ஒவ்வொன்றையும் ‘உருப்படி’ என்றே சொல்லலாம். கச்சேரிக்காரர்கள் புழங்குகிற சொல்தான். (என் புனைபெயருக்காகச் சொல்லவில்லை.)

வேர்தேடி எழுதியது:

வேரிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் ‘ஆல்பஸ்’ என்றால் வெள்ளை. உரோமர் அறிவிப்பு எழுத வெள்ளையடித்து வைத்த பலகையே ‘ஆல்பம்’. நம்மிடம் ‘வெள்’ என்னும் வேர் இருக்கிறது. வெள்ளை, வெளிச்சம், வெளி, வெளியீடு எல்லாம் அதன் கிளைகள். எனவே ஆல்பம் என்பது வெளியீடே. அது வருகிற நாளும் வெள்ளி! வேறென்ன சான்று வேண்டும்?

இன்னொன்று, ‘ஜாஸ்’ வேண்டாம், ‘யாசு’ என்று எழுதுங்கள். தொல்காப்பியர் யகரத்தை ஆகாரத்தோடு மட்டுமே மொழிமுதலாக விட்டார். இந்த இசை அதற்கென்றே ‘யா’வில் வந்திருக்கிறது. இலங்கைத் தமிழர் யப்பான், யூலை என்று எழுதவில்லையா?

நள்ளிரவுத்தட்டு எழுதியது:

ஐயா, “புதிய யாசு வெளியீட்டின் வெளியீடு வெள்ளியன்று” என்று எழுதினால் என்னைத்தான் வெளியேற்றுவார்கள்.

ஏட்டுச்சுரை எழுதியது:

உரோமப் பலகை எதற்கு? இந்தப் பெயர் இசைக்கு வந்த வழி வேறு. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடந்தான் அடங்கும். அதனால் நாலைந்து தட்டுகளைக் காகித உறைகளில் இட்டு, போட்டோ ஆல்பம்போலக் கட்டி விற்றார்கள். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்ததும் அத்தனையும் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. புத்தகக்கட்டு போனது, பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே ‘இசையேடு’ என்பேன்.

யாப்புப்பித்தன் எழுதியது:

நம் முன்னோர் இதை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார்கள். தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் செய்யுளை நான்காகப் பிரிக்கிறது: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. தனியே நின்று பொருள் முடிவது முத்தகம், அதுதான் ஒற்றைப் பாட்டாக வரும் சிங்கிள். பல பாட்டு ஒரே வினைகொண்டு முடிவது குளகம், அது சிங்கிளுக்கும் ஆல்பத்துக்கும் இடைப்பட்ட நீளமுள்ள ஈ.பி. பொறுக்கிச் சேர்த்தது தொகைநிலை. ஒன்றோடொன்று தொடர்ந்து செல்வது தொடர்நிலை, அதுதான் ஆல்பம்.

பொருந்துகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மார்வின் கே 1971-இல் தந்த சோல் ஆல்பத்தில் ஒரு பாட்டு ஓயுமுன் அடுத்தது எழுந்துவிடும், கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் முதற்பாட்டே திரும்ப வரும். அந்தாதி இல்லாமல் இது என்ன? ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் பதிந்த நான்கு பகுதிப் படைப்பும் அப்படித்தான், பிரித்தால் பொருள் கெடும்.

ஏட்டுச்சுரை எழுதியது:

அண்ணா, அதே தண்டியலங்கார உரை, ஒருவரே பாடிய தொகைநிலைக்குத் திருக்குறளைக் காட்டுகிறதே? அப்படியானால் ஒருவருடைய ஆல்பமும் தொகைதானே. எல்லா ஆல்பமும் தொடர்ந்து ஓடுவதும் இல்லை. பத்துப் பாட்டைப் பத்து நாளில் பதிந்து வரிசைப்படுத்தியதைத் தொடர்நிலை என்றால் தண்டி ஒத்துக்கொள்ளமாட்டார். குளகம் என்றதும் பாதிப் பேர் குளத்துக்குப் போய்விடுவார்கள்.

உருப்படி எழுதியது:

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நமக்குச் சிக்கல் ஆல்பத்தில் இல்லை, பொறுக்கிச் சேர்த்ததில்தான். அதற்குச் சொல் இருக்கிறதே, திரட்டு! புறத்திரட்டு என்பது முன்னிருந்த நூல்களிலிருந்து பாடல்களை எடுத்துச் சேர்த்ததுதான். முத்தொள்ளாயிரம் நமக்குக் கிடைத்த அளவுக்குக் கிடைத்ததே அதனால்தான். ஆல்பம் இசைத்தொகுப்பாகவே இருக்கட்டும், மற்றது திரட்டு. “இது புதிய இசைத்தொகுப்பு, அது பழையவற்றின் திரட்டு.” சொல்லிப் பாருங்கள், தடுக்கவில்லை.

நள்ளிரவுத்தட்டு எழுதியது:

தடுக்கவில்லை! சரி, சோலுக்கு என்ன செய்ய? ‘ஆன்மா இசை’ என்றால் பஜனை என்று நினைப்பார்கள். ‘உயிரிசை’ என்றால் மற்ற இசைக்கெல்லாம் உயிர் இல்லையா என்று சண்டைக்கு வருவார்கள். ‘சோல்’ என்று விட்டால் செருப்பின் அடி நினைவுக்கு வருகிறது.

ஏட்டுச்சுரை எழுதியது:

‘சோல் இசை’ என்றே விடுங்கள். பக்கத்தில் இசை இருந்தால் யாரும் காலைப் பார்க்கமாட்டார்கள். திரட்டுக்கு என் ஓட்டு. ‘இசையேட்டை’ மடக்கி வைக்கிறேன்.

யாப்புப்பித்தன் எழுதியது:

நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை மட்டும் பதிந்துவைக்கிறேன். கோல்ட்ரேன் 1967-இல் மறைந்தார். அவர் 1963 மார்ச்சில் பதிந்தது 2018-இல்தான் ஆல்பமாக வந்தது. அவர் அடுக்கிய வரிசையும் இல்லை, பிற ஆல்பங்களிலிருந்து எடுத்ததும் இல்லை. அது தொகுப்பா, திரட்டா? பதில் சொல்லிவிட்டு ஓட்டு எண்ணுங்கள்.

நள்ளிரவுத்தட்டு எழுதியது:

அண்ணா, நல்லவேளை அது இந்த வாரப் பட்டியலில் இல்லை. பத்தியை அனுப்பிவிட்டேன்.

வேர்தேடி எழுதியது:

‘திரட்டு’ என்பதன் வேர் ‘திரள்’. உருண்டு திரள்வது. தட்டும் உருண்டைதான், கவனித்தீர்களா? விரிவாக நாளை எழுதுகிறேன்.