விண்டோஸ் புதிதாகப் போட்டபின் வைஃபை காணவில்லை, நெட் இல்லாமல் டிரைவர் போடுவது எப்படி?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. லேப்டாப் ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று நேற்று ராத்திரி பென்டிரைவ் வைத்து விண்டோஸ் 11 புதிதாகப் போட்டேன். ஃபார்மட் எதுவும் பண்ணவில்லை, பழைய விண்டோஸ் இருந்த அதே பார்டிஷன்மேலேயே போட்டுவிட்டேன். எல்லாம் நன்றாக முடிந்தது, ஆனால் வைஃபை ஐகானே இல்லை. டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் "நெட்வொர்க் கண்ட்ரோலர்" என்று மஞ்சள் முக்கோணத்தோடு ஒன்று நிற்கிறது, உள்ளே போனால் கோட் 28, அதாவது டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) போடப்படவில்லை என்று காட்டியது.

ஃபோனில் கம்பெனி சைட்டுக்குப் போய் என் மாடலைத் தேடினேன், அதே மாடலுக்கு மூன்று வைஃபை டிரைவர் போட்டிருக்கிறார்கள், எது என்னுடையது என்று புரியவில்லை. முதலில் இருந்ததை இறக்கிப் பென்டிரைவில் மாற்றிப் போட்டேன், பொருந்தும் டிவைஸ் இல்லை என்று சொல்லிவிட்டது. அப்புறம் டிவைஸ் மேனேஜர் வழியாகப் போய், பட்டியலிலிருந்து நாமே தேர்வு செய்யும் வழியில் அதையே கட்டாயமாக ஏற்றினேன், எச்சரிக்கை வந்தது, சரி என்று கொடுத்துவிட்டேன். இப்போது கோட் 10, டிவைஸ் ஸ்டார்ட் ஆக முடியாது என்கிறது. லேன் போர்ட்டும் இல்லாத மெல்லிய லேப்டாப் இது. நாளைக்குள் ஒரு வேலையை முடித்து அனுப்ப வேண்டும், யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1

பதறாதீர்கள், கார்டு கெட்டுப்போகவில்லை. ஒரே மாடல் பெயரில் வரும் லேப்டாப்பிலேயே வேறு வேறு கம்பெனியின் வைஃபை கார்டு போட்டு விற்பார்கள், மூன்று டிரைவர் இருப்பது அதனால்தான். மாடல் பெயரை வைத்துத் தேடினால் இந்தக் குழப்பம் தீராது, கார்டிடமே கேட்க வேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் அந்த டிவைஸ்மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ் டேப். மேலே உள்ள பெட்டியில் "ஹார்ட்வேர் ஐடிஸ்" என்பதைத் தேர்வு செய்யுங்கள். நீளமாக ஒரு வரி வரும், அதில் "வென்" என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் நான்கு எழுத்துதான் கார்டு செய்த கம்பெனி. 8086 என்றால் இன்டெல், 10ஈசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 168சி குவால்காம் ஏதெரோஸ், 14ஈ4 பிராட்காம். அடுத்து "டெவ்" என்று வருவது எந்தச் சிப் என்பதைச் சொல்லும். இது இரண்டும் தெரிந்தால் மூன்றில் எது என்று யோசிக்கவே வேண்டாம்.

நெட்டுக்கு: ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காது, லேப்டாப்புக்கு அது ஒரு லேன் கார்டு மாதிரிதான் தெரியும். நெட் வந்தபின் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் பாதி டிரைவர்கள் தானாகவே வந்துவிடும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா. பார்த்துவிட்டேன், வென் 14சி3, டெவ் 7961. அப்படியென்றால் மீடியாடெக், நான் ஏற்றியது ரியல்டெக் டிரைவர். தப்பு எங்கே என்று இப்போது புரிகிறது.

ஆனால் டெதரிங் ஆன் பண்ண முடியவில்லை, அந்த ஆப்ஷனே மங்கலாக இருக்கிறது. கேபிள் செருகினால் ஃபோன் சார்ஜ் ஆகிறது, அவ்வளவுதான்.

பதில் 2

அது சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருக்கும். அதில் டேட்டா போகும் கம்பியே இருக்காது, ஃபோன் இணைந்திருப்பதே லேப்டாப்புக்குத் தெரியாது. ஃபோன் பெட்டியில் வந்த கேபிளை எடுத்து ஒருமுறை முயற்சி செய்து பாருங்கள்.

ஆனால் உங்களுக்கு நெட்டே தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஃபார்மட் பண்ணாமல் அதே பார்டிஷன்மேல் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் பழைய விண்டோஸ் முழுவதும் சி டிரைவில் "விண்டோஸ்.ஓல்ட்" என்ற ஃபோல்டருக்குள் போய்விடும், நேற்று வரை ஒழுங்காக ஓடிய உங்கள் வைஃபை டிரைவரும் அதற்குள் பத்திரமாக இருக்கும்.

முதலில் கட்டாயமாக ஏற்றியதை எடுங்கள். அந்த டிவைஸ்மேல் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது, டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் டிக் போட மறக்காதீர்கள். விட்டுவிட்டால் அந்தத் தப்பான டிரைவர் உள்ளேயே தங்கிவிடும். பிறகு மேலே ஆக்‌ஷன் மெனுவில் ஹார்ட்வேர் மாற்றத்தை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், பழையபடி நெட்வொர்க் கண்ட்ரோலர் என்று வந்து நிற்கும்.

இப்போது அதில் அப்டேட் டிரைவர், கம்ப்யூட்டரில் தேடு என்ற வழி. பாதை கேட்கும் இடத்தில் சி டிரைவுக்குள் விண்டோஸ்.ஓல்ட், அதற்குள் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர் ஸ்டோர், ஃபைல் ரெபாசிட்டரி என்று வரிசையாக உள்ளே போய் அந்தக் கடைசி ஃபோல்டரைக் காட்டுங்கள். உள் ஃபோல்டர்களையும் சேர்த்துத் தேடு என்பதில் டிக் இருக்க வேண்டும். உள்ளே ஏகப்பட்ட ஃபோல்டர் இருப்பதால் நேரம் எடுக்கும், நின்றுவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். ஹார்ட்வேர் ஐடியோடு பொருந்துவதை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும், நீங்கள் பட்டியலிலிருந்து எதையும் தேர்வு செய்ய வேண்டாம்.

கேட்டவர்

வந்துவிட்டது அண்ணா! வைஃபையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். இரண்டு மூன்று நிமிடம் தேடிக்கொண்டே இருந்தது, திடீரென்று நெட்வொர்க் கண்ட்ரோலர் என்ற பெயர் மறைந்து மீடியாடெக் வைஃபை 6 என்று மாறியது, கீழே ஐகானும் வந்துவிட்டது. நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு சந்தேகம், ப்ளூடூத் இன்னும் இல்லை. அதுவும் இதே கார்டு இல்லையா?

பதில் 2

கார்டு ஒன்றுதான், டிரைவர் வேறு. வைஃபை பாதி பிசிஐ வழியாகவும் ப்ளூடூத் பாதி யூஎஸ்பி வழியாகவும் லேப்டாப்போடு பேசும், அதனால் டிவைஸ் மேனேஜரில் இரண்டும் தனித்தனியாக வரும். மஞ்சள் முக்கோணத்தோடு இன்னொன்று இருக்கும் பாருங்கள், அதற்கும் அதே ஃபோல்டரைக் காட்டுங்கள்.

பதில் 3

இதைத் தேடி வருகிறவர்களுக்காக நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். அந்த விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை விண்டோஸே 10 நாளில் அழித்துவிடும், ஆகவே டிரைவரோ பழைய ஃபைலோ எடுக்க வேண்டியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க் இடம் வேண்டும் என்று முதல் நாளே க்ளீன்அப் போடவும் வேண்டாம்.

ஃபார்மட் பண்ணப்போகிறவர்கள் அதற்கு முன்பே கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, பிஎன்பி யூடில் கட்டளையின் எக்ஸ்போர்ட் டிரைவர் வசதியை ஓட்டுங்கள். அதன்பின் ஒரு நட்சத்திரக் குறியும், பென்டிரைவில் முன்கூட்டியே உருவாக்கிய ஒரு காலி ஃபோல்டரின் பாதையும் கொடுத்தால், விண்டோஸோடு வராமல் தனியாகப் போட்ட டிரைவர்கள் எல்லாம் அங்கே வந்து விழும். நான் யார் லேப்டாப்பைத் தொட்டாலும் இதை முடித்த பிறகுதான் மற்ற வேலை.

தயவுசெய்து "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்" என்று வரும் ஆப்களைப் போடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வைஃபைக்காக அப்படி ஒன்றைப் போட்டு, ஒழுங்காக இருந்த டச்பேடும் போய், கடைசியில் மறுபடி முதலிலிருந்து விண்டோஸ் போட்டார்.

கேட்டவர்

ப்ளூடூத்தும் வந்துவிட்டது. மற்ற டிரைவர்களையும் இப்போதே எக்ஸ்போர்ட் பண்ணிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டேன், மொத்தம் நாற்பது ஃபோல்டருக்கு மேல் வந்திருக்கிறது. வேலையைப் பார்க்கப் போகிறேன்.