ஹாஜியோகிராஃபி: அடியார் வரலாறா, சரிதமா, வேறு ஏதாவதா?

அன்பர்களுக்கு வணக்கம்.

இடைக்காலச் சமய இலக்கியம் பற்றிய ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதுகலை மாணவர்களுக்கானது, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். எல்லாம் ஒருவழியாக முடிந்தது, அடியார்களின் வாழ்க்கையைப் பக்தியோடு சொல்லும் எழுத்தைக் குறிக்கும் ஹாஜியோகிராஃபி என்ற ஒரு சொல்லைத் தவிர. பெரியபுராணம், வைணவ ஆசாரியர்களைப் பற்றிய குருபரம்பரா ப்ரபாவம், கன்னடத்து ஹரிஹரனின் ரகளைகள் (அந்தப் பெயருள்ள யாப்பில் அமைந்த அடியார் பாடல்கள்), தெலுங்கில் பால்குரிகி சோமநாதரின் பசவபுராணம் எல்லாவற்றையும் ஒரே வகைமையாக வைத்துப் பேசுகிற கட்டுரைகள் என்பதால் அந்தச் சொல் இல்லாத பக்கமே இல்லை.

'அடியார் வரலாறு' என்பதுதான் முதலில் வாயில் வரும். ஆனால் ஒரு கட்டுரையின் முதல் வரியிலேயே அது கவிழ்ந்துவிடுகிறது: "சேக்கிழார் எழுதியது வரலாறு அன்று, அடியார் வரலாறு." மூலத்தில் எதிரெதிராக நிற்கிற இரண்டும் தமிழில் அண்ணன் தம்பி ஆகிவிடுகின்றன. எழுதியவரைக் குறிக்கவும், 'அந்தப் பாங்கான' என்று பெயரடையாக்கவும் அதே அடியிலிருந்து சொல் கிடைத்தால் நல்லது. உதவுங்கள்.

-----

தம்பி, இதற்கா இவ்வளவு கவலை? சேக்கிழார் தம் நூலுக்குத் திருத்தொண்டர் புராணம் என்று பெயரிட்டாலும், தாம் எடுத்துச் சொல்வதை 'மாக்கதை' என்றும் பாயிரத்தில் சொல்கிறார். புராணம் வடசொல், விட்டுவிடுவோம். 'தொண்டர் காதை' என்று போடுங்கள். காதை என்பது காதால் கேட்கப்படுவது. வடமொழி 'காதா'விலிருந்து வந்தது என்று சிலர் கிளம்புவார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

தொண்டு என்ற சொல்லையும் லேசாக எண்ணிவிடாதீர்கள். தொல்காப்பியச் செய்யுளியலில் தொண்டு என்றால் ஒன்பது. பரிபாடலிலும் அப்படியே. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் வரும் தொகையடியாரும், அதாவது தனிப்பெயரின்றிக் கூட்டமாகப் போற்றப்படுவோரும், ஒன்பது. இது தற்செயலா என்று யாராவது ஆராய வேண்டும்.

-----

> இது தற்செயலா என்று யாராவது ஆராய வேண்டும்.

புலவர் ஐயா, தற்செயல்தான். தொகையடியார் ஒன்பது, சரி, தனியடியார் அறுபத்து மூவரை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? ஒன்பதை ஏழால் பெருக்கினால் அறுபத்து மூன்று என்று அடுத்த மடலில் எழுதிவிடாதீர்கள்.

வகுப்பில் காதை என்றால் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரத்தின் உட்பிரிவு மட்டும்தான் நினைவுக்கு வரும், வழக்குரை காதை, அடைக்கலக் காதை என்று. அதை ஒரு முழு வகைமைக்குப் பெயராக்கினால் பாதி நேரம் விளக்கத்துக்கே போய்விடும். 'புனிதர் சரிதை' என்று யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அதுவும் சரிப்படாது. புனிதர் என்பது இன்று தமிழில் கத்தோலிக்கத் திருச்சபை வழங்கும் பட்டம். கண்ணப்பரைப் புனிதர் கண்ணப்பர் என்று சொல்லிப் பாருங்கள்.

கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் தூயவரைப் பற்றிய எழுத்து என்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுலகில் அதற்கு ஒரு கூர்மை வந்தது பொலாந்தியர்கள் என்ற இயேசு சபையாரால். 1643இல் 'ஆக்டா சாங்க்டோரம்' என்ற புனிதர் வாழ்க்கைத் தொகுப்பின் முதல் தொகுதிகளை வெளியிட்டபோது, எந்தக் கதை பழையது, எது பிற்காலத்தில் ஒட்டியது என்று சலித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களே பக்தர்கள் என்பதுதான் வேடிக்கை. ஆகவே நமக்கு வேண்டியது பக்தியோடு சொல்லப்பட்ட வாழ்க்கை என்ற பொருளும், ஆய்வாளன் சற்று விலகி நின்று பார்க்கிற தொனியும் சேர்ந்த சொல்.

-----

அம்மா சொல்லும் அந்த விலகல் எங்கள் வைணவ மரபுப் பெயர்களிலேயே இருக்கிறது. ஆறாயிரப்படி குருபரம்பரைக்கு 'ப்ரபாவம்' என்று பெயர். ஆழ்வார் வைபவம், ஆசார்ய வைபவம் என்று சொல்வதும் வழக்கம். வைபவம் என்றால் பெருமை. நடந்ததைப் பதிவு செய்கிறேன் என்று அந்த ஆசிரியர் சொல்லவே இல்லை, பெருமையைச் சொல்கிறேன் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். வரலாறு என்ற குழப்பத்துக்கே இடமில்லை. வடசொல் கலந்த மணிப்பிரவாளம் என்று புலவர் கோபிப்பார், கோபிக்கட்டும்.

-----

வைபவம் அருமையான சொல், ஆனால் இன்றைக்கு அதன் கதி என்ன? திருக்கல்யாண வைபவம், சதாபிஷேக வைபவம். 'வைபவவியல்' என்று பாடத்திட்டத்தில் பார்த்தால் மண்டபம் பிடிப்பது பற்றிய படிப்பு என்று நினைப்பார்கள்.

-----

கல்வெட்டுப் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். வரலாற்றை அவ்வளவு சுலபமாகக் கழற்றிவிடாதீர்கள். சிறுத்தொண்டர் புராணத்தில் "வாதாவித் தொன்னகரம் துகளாக" என்று ஓர் இடம். மன்னன் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. ஆனால் 642இல் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றியதோடு அதைப் பொருத்தி, அந்தச் சிறுத்தொண்டரைச் சம்பந்தர் தம் பதிகத்தில் பாடியிருப்பதையும் சேர்த்துத்தான் சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு என்று எல்லோரும் எழுதுகிறோம். பிள்ளைக்கறி சமைத்த கதைக்கும் இந்தப் படையெடுப்புக்கும் நாயகன் ஒருவரே. ஒன்று வரலாறு, மற்றது இல்லை என்று ஒரே புராணத்துக்குள் எங்கே கோடு போடுவது?

தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் எடுத்த கோயிலில் நாயன்மார் கதைகள் வரிசையாகச் சிற்பமாக இருக்கின்றன, பெயர் பொறித்து. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம் இருக்குமோ என்னவோ, குனிந்துதான் பார்க்க வேண்டும். அதைச் செதுக்கியவனும் 'எழுத்தன்'தானா? 'கிராஃபி' என்பதற்காக நூல் என்றோ எழுத்து என்றோ வால் சேர்த்தால் இந்தக் கல் எல்லாம் வெளியே போய்விடும்.

-----

> எங்கே கோடு போடுவது?

ஐயா சொல்வது நியாயம். ஆனால் கட்டுரையாசிரியரோடு சண்டை போடுவது என் வேலை இல்லை. அவர் கோடு போட்டிருக்கிறார், நான் அந்தக் கோட்டைத் தமிழில் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல். கடைசிக் கட்டுரை சீறாப்புராணத்தையும் இறைநேசர் கதைகளையும் தொடுகிறது. அங்கே 'அடியார்' பொருந்துமா?

-----

தாராளமாகப் பொருந்தும். குர்ஆன் தமிழாக்கங்களில் அடியார், அடியான் என்ற சொற்கள் சாதாரணமாக வருபவை. சைவத்துக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொல் இல்லை அது. தொண்டரை விட அடியார் மேல், தொண்டர் என்றால் இப்போது கட்சிக்காரர்.

என் ஓட்டு 'அடியார் சரிதம்'. "சேக்கிழார் எழுதியது வரலாறு அன்று, அடியார் சரிதம்." உட்காருகிறதா இல்லையா? சரித ஆசிரியர், சரிதப் பாங்கு என்று நீட்டவும் முடியும். தலைவர்களைப் பற்றிய நூலை 'இது வெறும் ஹாஜியோகிராஃபி' என்று மதிப்புரையில் குத்துகிறார்களே, அதற்கு இது ஆகாது. அங்கே துதிபாடல் என்று போட்டுவிட்டுப் போங்கள், ஒரே சொல் இரண்டையும் சுமக்க வேண்டியதில்லை.

-----

எனக்கும் சரிதம் சம்மதம். உற்சாகமாக இல்லை, ஆனால் சம்மதம்.

-----

வைபவம் போச்சு. சரி, சரிதமே இருக்கட்டும். ஆழ்வார்களைப் பற்றிய வடமொழி நூலான திவ்யசூரி சரிதம் இருக்கவே இருக்கிறது.

-----

அனைவருக்கும் நன்றி. அடியார் சரிதம் என்றே மாற்றுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ஹாஜியோகிராஃபி என்று தமிழ் எழுத்தில் பக்கத்தில் போட்டுவிடுகிறேன். கல்வெட்டு ஐயாவின் ஐயத்தை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்க்கப் பதிப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். இடமில்லை என்றுதான் சொல்வார் என்று தோன்றுகிறது.

-----

சரிதமும் வடசொல், வைபவமும் வடசொல். நான்கு பேர் கைதூக்கினால் தமிழாகிவிடுமா? வைபவத்துக்கு நேரான 'சீர்' நம்மிடமே இருக்க, 'அடியார் சீர்' என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யாப்பில் வரும் சீர், கல்யாணச் சீர் என்று அம்மா ஆரம்பிப்பார் என்பதும் தெரியும். தம்பி, நூலை நல்லபடியாக முடியுங்கள், ஆனால் நன்றியுரையில் என் பெயர் வேண்டாம். மற்றபடி, ஒன்பதை ஏழால் பெருக்கும் யோசனைக்கு அம்மாவுக்கு நன்றி. அது எனக்குத் தோன்றவில்லை, தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.