குழந்தைக் கற்பனை கையில் நிற்க: பால் க்ளே முறைகளைப் பழகியவர்கள் எழுதுங்கள்

வண்ணக்குடுவை:
'குழந்தை மனசோட வரையணும்' என்று சொல்லாத இளம் ஓவியர் இல்லை. அதைத் தாளில் எப்படி இறக்குவது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓவியர் பால் க்ளேவின் முறைகளைச் செய்து பழகியவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் எழுதுங்கள். தத்துவம் ஒரு பங்கு, செய்முறை மூன்று பங்கு இருக்கட்டும். எங்கே சொதப்பும் என்பதும் வேண்டும்.

கோட்டுக்காரன்:
க்ளே படிக்காத கிறுக்கல்காரர் என்று நினைத்தால் ஆரம்பமே கோணல். மியூனிக்கில் முறையாகப் பயின்றவர், 1921 முதல் 1931 வரை ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியர். 1902-ல் தன் சிறுவயதுப் படங்கள் பெற்றோர் வீட்டில் மறுபடி கண்ணில் பட்டபோது, அதுவரை தான் செய்தவற்றில் அவற்றையே உயர்வாக மதித்தார். 1911-ல் தன் படைப்புகளுக்கு எண் போட்டுப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது அவற்றில் சிலவற்றையும் அதில் ஏற்றினார். சிறுவயதுப் படத்தைப் பரணில் போடாமல் வேலைக் கணக்கில் சேர்த்தவர் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

குழந்தை, கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்ததை வரையும். மேசைக்கு நான்கு கால் என்று தெரியும், ஆகவே நான்கும் நான்கு பக்கம் விரிந்து கிடக்கும். பஸ்ஸின் தகரத்தைத் தாண்டி உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால் தெரியும். முக்கியமான ஆள் பெரிசு, மற்றவர் சிறிசு. தரை கீழே ஒரு கோடு, வானம் மேலே ஒரு பட்டை, நடுவில் காலி. இதெல்லாம் தப்பு இல்லை, ஓர் ஒழுங்கு. பழக வேண்டியது இந்த ஒழுங்கைத்தான்.

பெரியவர்கள் 'குழந்தை மாதிரி' வரையும்போது வேண்டுமென்றே கோட்டை நடுங்க விடுவார்கள். பார்த்த உடனே போலி என்று தெரிந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளையின் கோடு கோணலாக இருக்கலாம், ஆனால் தயங்காது. ஒரே இழுப்பு.

பயிற்சி: ஏ5 தாள், கறுப்பு மைப்பேனா, 15 நிமிடம். பென்சிலும் ரப்பரும் கைக்கெட்டாத தூரத்தில். சமையலறையை வரையுங்கள்: அடுப்பை மேலிருந்து, குக்கரைப் பக்கவாட்டில், மூடிய டப்பாவுக்குள் இருக்கும் பருப்பையும் சேர்த்து, எல்லாம் ஒரே தாளில். பெர்ஸ்பெக்டிவ், அதாவது ஒரே இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவதுபோல வரைவது, எட்டிப்பார்த்தால் (முதல் சில தாள்களில் கண்டிப்பாகப் பார்க்கும்) அந்தத் தாளை முடித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். திருத்த உட்காராதீர்கள்.

கறுப்புமை:
மேலே அண்ணன் சொன்ன பயிற்சியில் நல்ல படம் வந்துவிடும். அடுத்த கட்டத்தில்தான் அது சாகும். கிறுக்கல் அழகாக இருக்கிறது, 'இதைப் பெரிசா, நீட்டா போடலாம்' என்று நல்ல தாளில் திரும்ப வரைவார்கள். கோடு சுத்தமாகும், உயிர் போய்விடும். கற்பனை தொலையும் இடம் இந்த நகல் எடுக்கும் இடம்தான் என்பது என் கட்சி.

இதற்கு க்ளே 1919 வாக்கில் ஒரு வழி வைத்திருந்தார்: எண்ணெய் வண்ணப் படியெடுப்பு. 1922-ல் செய்த 'கீச்சிடும் இயந்திரம்' இப்படி வந்ததுதான். கம்பியில் நிற்கும் பறவைகளின் கோடு மசமசவென்று இருக்கும், சுற்றிலும் கறுப்புத் தீற்றல். செய்முறை:

ஒரு ட்ரேசிங் ஷீட்டில் கறுப்பு எண்ணெய் வண்ணம். ஏ4 அளவுக்கு ஒரு பட்டாணி போதும், இரண்டு பட்டாணி வைத்தால் படம் கெட்டது. டர்பன்டைன், ஆளி எண்ணெய் எதுவும் கலக்க வேண்டாம். உருளையாலோ பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பாலோ மெல்லிசாகப் பரப்புங்கள். அதன்மேல் செய்தித்தாளை வைத்து ஒற்றி எடுங்கள், இரண்டு மூன்று தடவை. விரலால் தொட்டால் கறை ஒட்ட வேண்டும், ஆனால் பளபளப்பு இருக்கக் கூடாது. அதுதான் பதம்.

இப்போது அடுக்கு. அடியில் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள், வழவழப்பானது. நடுவில் அந்த ஷீட், கறுப்பு முகம் கீழே பார்க்க. மேலே உங்கள் கிறுக்கல். மேல் விளிம்பில் மட்டும் மாஸ்கிங் டேப், அப்போதுதான் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்க முடியும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கலின் கோட்டின் மேலேயே அழுத்தி ஓட்டுங்கள். க்ளே ஊசிமுனை பயன்படுத்தினார், நம் ட்ரேசிங் ஷீட் அதற்குக் கிழியும்.

கோடு எப்படி விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் கை திருத்தப் போகாது. முழு லாபமும் இதில்தான்.

கெடுகிற இடங்கள்: வண்ணம் ஈரமாக இருந்தால் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கறுப்பாகும். இரண்டு புத்தகத்தின் மேல் ஒரு மர ஸ்கேலைப் பாலம் போல வைத்து அதில் கையை ஊன்றினால் தப்பலாம். முழுக்கத் தப்பிக்கவும் வேண்டாம், க்ளே அந்தக் கறைகளை விட்டுவைத்தார். கோட்டைச் சுற்றி மஞ்சள் வளையம் வந்தால் வண்ணத்தில் எண்ணெய் அதிகம். அடுத்த முறை வண்ணத்தை ஒரு மணி நேரம் அட்டைத்துண்டின் மேல் வைத்து எண்ணெயை இறக்குங்கள். கறையை ரப்பரால் தேய்த்தால் எண்ணெய் பரவும், பிறகு அங்கே நீர்வண்ணம் பிடிக்காது. பெரும்பாலான மாணவர் படங்கள் கெடுவது இந்த ரப்பரால்தான்.

இரண்டு மூன்று நாள் காயவிட்டு (மழைக்காலத்தில் இன்னும் கூட) மேலே நீர்வண்ணம் பூசுங்கள். எண்ணெய்க் கோடு தண்ணீரை ஒட்டவிடாது, ஆகவே கரையாமல் நிற்கும்.

பேப்பர்காக்கை:
அக்கா, ஸ்டேஷனரி கடை கார்பன் தாள் போதாதா?

கறுப்புமை:
வேலை ஆகும், தம்பி. ஆனால் கோடு ஒரே தடிமனில், பில்புக் நகல் மாதிரி வரும். அழுத்தத்துக்கு ஏற்பக் கறுப்பு ஏறி இறங்காது, தீற்றலும் விழாது. பழகிப் பார்க்க கார்பன் எடுத்துக்கொள், படத்துக்கு வேண்டாம்.

துணிபொம்மை:
எல்லோரும் தாளையே பேசுகிறீர்கள். மகன் ஃபெலிக்ஸுக்காக க்ளே 1916 முதல் 1925 வரை சுமார் 50 கைப்பொம்மைகள் செய்தார், 30 மிஞ்சியிருக்கின்றன. தீப்பெட்டியில் ஒன்று, மின்சாரப் பிளக் சாமானில் ஒன்று, எலும்பில்கூட உண்டு. ஸ்கெட்ச் போட்டுச் செய்யும் சமாச்சாரம் இல்லை இது. கையில் இருக்கும் பொருள் என்ன முகமாக ஆக விரும்புகிறது என்று பார்ப்பது.

தலைக்கு: ஆள்காட்டி விரல் நுழையும் அட்டைக் குழாய், 2 முதல் 2.5 செ.மீ. விட்டம். நுனியில் செய்தித்தாளைக் கசக்கி உருட்டி நூலால் கட்டுங்கள். ஒரு கப் தண்ணீருக்கு ஏறக்குறைய இரண்டு கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பொடியைத் தண்ணீரில் தூவ வேண்டும், பொடிமேல் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டும். ரொம்பக் கலக்கினாலும் வெந்நீர் சேர்த்தாலும் சீக்கிரம் இறுகிவிடும். காஸ் துணியை (காயத்துக்குக் கட்டும் வலைத்துணி) பட்டைகளாக வெட்டி அதில் நனைத்து இரண்டு அடுக்கு சுற்றுங்கள், மூன்றாவது வேண்டாம். தலை கனத்தால் விரல் தாங்காது, பொம்மை குனிந்தே நிற்கும். மூக்குக்கும் கண்ணுக்கும் வீட்டில் உடைந்து கிடக்கும் சாமான்: பொத்தான், ஸ்க்ரூ, புளியங்கொட்டை. பிளாஸ்டர் ஈரமாக இருக்கும்போதே பதித்துவிடுங்கள், காய்ந்தபின் ஒட்டினால் உதிரும்.

பிள்ளைகளோடு செய்கிறவர்களுக்கு: பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கையை உள்ளே விட்டு அச்சு எடுக்க யாரையும் விடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

டேப்லெட்வாசி:
டிஜிட்டலில் வரைவோருக்கு இரண்டே வரி. ரஃப் லேயரின் ஒளியைக் குறைத்து மேலே 'க்ளீன் லைன்' போடுவது, கறுப்புமை சொன்ன அதே நகல் வியாதி. ரஃப்பையே கடைசிக் கோடாக வைத்து அதன்கீழே வண்ணம் போடுங்கள். ஃபோட்டோஷாப்பில் ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் (எத்தனை படி பின்னால் போகலாம்) எண்ணை 50-லிருந்து ஒற்றை இலக்கத்துக்கு இறக்கினால் அன்டூ பழக்கம் தானாகத் தணியும். ஜூம் 100 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கோட்டுக்காரன்:
நம்மூரில் இந்த வரிசையில் பார்க்க வேண்டியவர் சென்னைக்கு அருகிலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்து கே. ராமானுஜம். 1973-ல் இளவயதிலேயே போய்விட்டார். மாளிகை, பாம்பு, இறக்கை முளைத்த உருவங்கள், நடுவே தொப்பி வைத்த மனிதனாக அவரே. மைக்கோட்டால் தாளையே அடைத்த படங்கள். க்ளே காலி இடம் விடுகிற ஆள், இவர் விடாத ஆள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக் கற்பனைக்கு ஒரே ஒரு பாணி என்ற எண்ணம் போகும்.

இன்னொன்று. 1935-ல் தொடங்கிய ஸ்க்ளெரோடெர்மா என்ற தோல் இறுகும் நோயோடு க்ளே போராடிக்கொண்டிருந்தார். அவர் கோடு தடித்தது, உருவங்கள் எளிமையாயின. 1939 என்ற ஒரே வருடத்தில் பட்டியலில் ஏறியவை 1,253. கை தேரட்டும் என்று காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்த எண்ணைக் காட்டுங்கள்.

பேப்பர்காக்கை:
மிச்ச பிளாஸ்டரை எங்கே கொட்டுவது?

துணிபொம்மை:
சிங்க்கில் மட்டும் வேண்டாம், குழாயிலேயே இறுகிவிடும். கப்பிலேயே காயவிட்டுத் தட்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள். வளையும் பிளாஸ்டிக் கப்பாக இருந்தால் சுலபமாகக் கழன்று வரும்.