இரண்டு போனில் ஓட்டினால் எதிரொலி: காட்சிக்கூட ஆடியோவுக்கு உதவி தேவை

கேள்வி (முத்தியால்பேட்டை):
வணக்கம். புதுச்சேரியில் ஒரு சின்னக் காட்சிக்கூடத்துக்கு அரிக்கமேடு என்ற பழைய துறைமுகம் பற்றி ஒலிக்கதை தயார் செய்கிறோம். முதலில் ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்தோம். தாத்தா ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால், பேத்தி இன்னொன்றின் முன்னால். வெளியே போகும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை. சேர்ந்து வருகிறவர்கள் சேர்ந்து கேட்கட்டும் என்று, க்யூஆர் கோடு வைத்து அவரவர் போன் ஸ்பீக்கரில் ஓடும்படி மாற்றினோம். இப்போது இரண்டு போன் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று துரத்துகிற மாதிரி எதிரொலிக்கிறது. பழைய கட்டடம், உயரமான கூரை, சுண்ணாம்புச் சுவர், கல் தரை. வைஃபையை மாற்றியாயிற்று, ஃபைலை முன்கூட்டியே இறக்கியும் பார்த்தாயிற்று.

பதில் (மஞ்சக்குப்பம்):
வைஃபை காரணமில்லை. இரண்டு பேர் கையால் ப்ளே தொட்டால் கால் செகண்டாவது விலகும். பேச்சொலியில் சுமார் 50 மில்லி செகண்ட் தாண்டினாலே காது அதைத் தனிக்குரலாகப் பிரித்துவிடும். ப்ளூடூத் ஸ்பீக்கர் என்றால் இன்னும் 100, 200 கூடும். சர்வர் கடிகாரத்தோடு போன்களை ஒத்துப் பார்த்து, வெப் ஆடியோவில் (பிரவுசரிலேயே ஒலியை இயக்கும் வசதி) தொடக்க நேரம் குறித்துவிடலாம். ஆனாலும் போனுக்குப் போன் தாமதம் வேறு, அந்தக் கூடத்தின் முழக்கமும் அப்படியே இருக்கும்.

பதில் (கடலூர் ஓ.டி.):
அண்ணன் சொன்னது சரி. ஆனால் இரண்டு போனிலும் ஒரே ஒலி எதற்கு? 1952இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் ஒரே உரையை ரேடியோ அலையில் எல்லோருக்கும் அனுப்பினார்கள். கூட்டமே ஒரே நேரத்தில் கேட்டது. ஆனால் பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து செய்ய அதில் ஒன்றுமில்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வுக்கூடத்தினர் கலிஃபோர்னியாவின் ஃபிலோலி மாளிகையில், கூட வந்தவர் கேட்பதை நாமும் ஒட்டுக்கேட்க வழி செய்தார்கள். ஹெட்செட் ஒரு காதுக்குத்தான். மறு காது பேச்சுக்கு.

கதையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு போனில் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லை மணியாகத் துளைக்கிற தொழிலாளி, இன்னொன்றில் ஆம்போரா ஜாடியில் ஒயின் கொண்டுவந்த வணிகர். தொழிலாளி கேள்வி கேட்டு நிறுத்தட்டும்; மற்றவர் தொட்டால்தான் வணிகர் வாய் திறக்க வேண்டும். பதிலுக்கு அரை செகண்ட் தாமதித்தால் என்ன, மனிதர்கள் பேசுவதே அப்படித்தான்! ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் பத்து செகண்ட் சும்மா விடுங்கள்.

கேட்டவர்:
ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். எதிரொலி போயே போச்சு. ஆனால் அந்தப் பத்து செகண்ட் அமைதியில், முடிந்துவிட்டது என்று நகர்ந்துவிட்டார்கள். அரியாங்குப்பம் ஆற்றின் தண்ணீர்ச் சத்தத்தை மெதுவாக ஓடவிட்டோம், நின்றார்கள். ஒரு சிறுமி, "தாத்தா, சீக்கிரம் தொடு, அவர் காத்துக்கிட்டிருக்காரு" என்றாள். ரொம்ப நன்றி. மூன்றாவது ஆள் வந்தால்?

பதில் (கடலூர் ஓ.டி.):
மூன்றாவது குரல் வேண்டாம், குழம்பும். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை அவர் போனுக்கு மாற்றிவிடுங்கள். துடுப்புச் சத்தமும் கொடுங்கள், அவர் தொட்டால் படகு கரை சேரட்டும்.